பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தந்த குரோம்பேட்டைக்காரர்களுக்கு

குரோம்பேட்டைப் பெரியவர்களுக்கும், அவர்களை ஏணியில் ஏறவிடாமல் தாங்களே ஏறி டிரங்குப் பெட்டியை இறக்கிய பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஊர் வரலாற்றுத் தொகுப்புக்காக நீங்கள் தந்த படங்கள், கடிதங்கள், மனை வரைபடங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்தாயிற்று. யார் தந்த எதனால் எது தெளிவானது என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக நன்றி சொல்ல மனமில்லை.

முதலில் தோல் பதனிடும் டேனரியில் உழைத்து ஓய்வு பெற்ற ஐயாமார்கள். சேம்பர்ஸின் குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பது தெரிந்த கதை. ஆனால் குரோம் என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் ஸ்கூட்டர் பம்பரைக் காட்டுவார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோலை, குரோமிய உப்புக் கரைசலோடு டிரம்மில் சுற்றவிட்டு ஓரிரு நாளில் பதமாக்குவதுதான் விஷயம். டிரம்மிலிருந்து தோல் வெளிர்நீலமாக வரும். பதம் பார்க்க ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவார்கள். சுருங்காமல் கிடந்தால் சரி. சுருண்டால் குரோம் நடுவரை இறங்கவில்லை என்று அர்த்தம். தோல் மறுபடி டிரம்முக்குப் போகும். விரல்களைச் சுருட்டிக் காட்டியே இதை விளக்கினார்கள். நாகல்கேணி, பம்மல் பக்கம் டேனரிக் கழிவு இறங்கி நிலத்தடி நீர் கெட்டதையும் மழுப்பாமல் சொன்னார்கள். சோறு போட்ட தொழிலைப் பற்றி அப்படிப் பேசுவது சுலபமில்லை.

பழைய கடிதங்களைத் தந்த அம்மாக்களுக்கு அடுத்த நன்றி. தேதி போடாத காகிதத்துக்கு வயது சொல்வது முகவரிதான். அதில் பின்கோடு 600044 இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. 'மதராஸ் மாநிலம்' என்று அச்சடித்த தாள் 1969 ஜனவரிக்கு முன் அச்சானது. 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்றிருந்தால் 1997 ஜூலைக்கு முந்தியது. அதற்குப் பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. குரோம்பேட்டை இருந்த பல்லாவரம் நகராட்சியே 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. இதில் ஒரு கண்ணி உண்டு. ஆயிரம் தாள் அச்சடித்து வைத்தவர்கள் மாவட்டப் பெயர் மாறியது என்று அதைத் தூக்கிப் போடுவதில்லை, தீரும்வரை அதிலேயே எழுதுவார்கள். ஆகவே தாள் எப்போது அச்சானது என்பது தெரியுமே தவிர, எப்போது எழுதியது என்பது தெரியாது. அதற்குத் தபால் முத்திரை வேண்டும். தபால்தலை சேர்க்கிற பிள்ளைகள் இருந்த வீடுகளில் மூலை கிழிந்த உறைகள்தான் மிச்சம். முழு உறையாகக் காப்பாற்றிய ராதா நகர், நியூ காலனி வீடுகளுக்குக் கும்பிடு.

ரயில்வேயில் இருந்தவர்கள் தண்டவாளத்தைப் பார்த்தே படங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-ல் மீட்டர் கேஜில், அதாவது குறுகலான தண்டவாளத்தில், தொடங்கியது. அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004-ல் நின்றது. '2008, எங்கள் ஸ்டேஷன்' என்று பின்னால் எழுதியிருந்த ஒரு படத்தில் நிற்பது அந்தச் சின்ன வண்டிதான்! இங்குள்ள பொறியியல் கல்லூரியான எம்.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்களும் படங்கள் தந்தார்கள். 1949-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்குவதற்காகத் தன் வீட்டையே விற்றவர் சி. ராஜம் என்பதால் தொகுப்பில் அதற்குத் தனிப் பக்கம்.

இனி ஜெராக்ஸ் கடைத் தம்பி. மனை வரைபடம் அம்மோனியா பிரிண்ட், அதாவது அம்மோனியா ஆவியில் எடுத்த பழைய வகை நகல். வெளிச்சம் பட்டால் வெளுக்கும், மடிப்பில் கிழியும். செலோடேப் ஒட்டியிருந்தால் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றிருக்கும். அதனால் டேப்பைத் தொடாமல், நான்கு பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏறும்படி ஸ்கேன் செய்து சேர்த்தார். சின்னப் படங்களுக்கு 600 டிபிஐ, காகிதங்களுக்கு 300. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உரிந்து முகம் போய்விடும். பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பிரித்தார். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே இல்லை, ஃபிளாஷ் இல்லாமல் சாய்வாக வைத்துப் படமெடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களுக்கும் நன்றி, ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது. 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து மறுபடி அனுப்புங்கள்.

குரல் பதிவுக்கு உட்கார்ந்தவர்களின் பொறுமை பெரிது. மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. மின்விசிறியையும் அணைக்கச் சொன்னோம், அதுவும் மே மாதத்தில். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுகிற அக்காவோ சந்தை நாளிலேயே, வாடிக்கையாளர்களை நிறுத்தி வைத்துவிட்டு வந்து பேசினார்.

நகலெடுத்து முடிந்த அசல்கள் எல்லாம் உறையில் பெயர் எழுதித் தயாராக இருக்கின்றன. ரசீதைக் கொண்டுவாருங்கள், தொலைந்திருந்தால் உறைக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும். மூன்று ஆல்பங்களில் மட்டும் பெயரில்லை. ஒன்றின் முதல் பக்கத்தில், பச்சைக் கதவுள்ள வீட்டு வாசலில் இரட்டைச் சடை போட்ட இரண்டு சிறுமிகள் நிற்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஊர் வரலாற்றைத் தொகுப்பவர்கள்,
குரோம்பேட்டை