ஒழுங்கை உறுதியில் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அயலவர்களுக்குள் மதில் வழக்கு என்று செய்தி வந்தால் 'பொறாமை, பிடிவாதம்' என்று சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்பில் பாதி வழக்கு சீதன வளவில் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

எழுவான்கரை, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய மண். எங்கள் வழமையில் வீடுவளவு பெண் பிள்ளைக்குத்தான். மூன்று பெண்கள் என்றால் ஒரே வளவைப் பிரித்து, றோட்டோரம் மூத்தவளுக்கு, பின்னால் மற்றவர்களுக்கு என்று எழுதுவார்கள். ஒழுங்கை, அதாவது உள்ளே போகிற பாதை? "அக்காட வளவுக்குள்ளால போகலாம்தானே!" உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், ஒரு வரி இராது.

எங்கள் கதையும் அதுதான். மனைவியின் அக்கா வெளிநாடு போகும்போது முன்வளவை விற்றார். வாங்கியவர் முறையாகக் கட்டட அனுமதி எடுத்து மதில் எழுப்பினார். 22 வருடம் ஆட்டோ வந்துபோன ஒழுங்கையில் இப்போது சைக்கிளையும் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். அவரில் பிழையில்லை; அவருக்குக் காட்டிய வரைபடத்தில் ஒழுங்கையே இல்லை.

கட்டட அனுமதி வழியுரிமையைத் தீர்மானிக்காது என்பதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். சண்டை முற்றும்போல் இருந்தால் பொலிஸார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அறிக்கை தாக்கல் செய்யலாம். பாதைப் பிணக்கு என்றால் 69ஆம் பிரிவின்படி கட்டளை வரும். ஆனால் அது தற்காலிகம்தான். முடிவுக்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். 10 வருடம் நடந்தால் பாதை சொந்தம் என்று ஊரில் எல்லோரும் சட்டம் சொல்வார்கள். அனுமதியோடு நடந்த நடை அந்தக் கணக்கில் சேராது. "அக்கா விட்டா, நாங்க போனோம்" என்று நாமே சாட்சி சொன்னால் வழக்கு படுத்துவிடும். வேறு வழியே இல்லாத காணிக்கு அவசிய வழி கேட்கலாம், சரி. அதற்கு நட்டஈடும் கட்ட நேரலாம்.

நொத்தாரிசுமாரும் நில அளவையாளரும் சீதன வளவு பிரிக்கும்போது ஒழுங்கையின் அகலத்தை உறுதியில் எழுதி, வரைபடத்தில் தனித்துண்டாகக் காட்ட வேண்டும். கட்டட அனுமதி கொடுக்கும் சபைகளும் "பின்வளவுக்காரர் எதால் போவது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

என் இரண்டு பெண்களுக்கும் காணி பிரித்தபோது 10 அடி ஒழுங்கை விட்டேன். இரண்டு பேர்ச் போய்விட்டதென்று மூத்த மருமகனுக்கு இன்னும் மனத்தாங்கல். இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழுவான்கரை வாசகர்,
மட்டக்களப்பு.