தொட்டித் தண்ணீர்

ஆத்தங்குடி
சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை, அம்மாவின் முட்டிவலி, கரண்டு இல்லாத நாலு நாள் என்று பதில் தள்ளிப்போய்விட்டது. அம்மா இப்போது கம்பில்லாமல் நடக்கிறாள். உன்னைத்தான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போடுகிறார்கள், பூசை கண்டு மூன்று வாரமாச்சு, பேருக்குத்தான் கிறிஸ்தவனாகிவிட்டேனோ என்று எழுதியிருக்கிறாய். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலப் பூசை எங்கே என்று விசாரி, அதுவும் ஞாயிற்றுக் கடனுக்குச் சேர்த்திதான். ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஊசி உடைந்து ஒரு துண்டு கிடைக்காமல், சூப்பர்வைசர் கத்தக் கத்த, பிள்ளைகள் போடுகிற சட்டை என்று மூட்டை முழுக்கப் பிரித்துத் தேடினாயே. அதைப் போகிற போக்கில் நாலு வரியில் முடித்துவிட்டாய். நான் அதைத்தான் இரண்டு தரம் படித்தேன்.

ஏனென்றால் எனக்குச் சொல்ல வெட்கமான கதை ஒன்று இருக்கிறது. நம் தரைக்கல் வேலை உனக்குத் தெரியாததா? கண்ணாடி மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டு. அச்சை எடுத்ததும் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, மேலே ஈரக் கலவையை வைத்து மட்டம் பண்ணினால் கை வேலை முடிந்தது. அப்புறம் தொட்டிதான். இரண்டு மூன்று நாள் தண்ணீர் குடித்தால்தான் கல் இறுகும். கடைசியில் கண்ணாடியைக் கழற்றும்போது முகம் பளபளவென்று வரும். ஒரே நாள் ஊறிய கல்லுக்கும் அதே பளபளப்புதான், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

போன தவக்காலத்தில் ஒரு வீட்டுக்காரர் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு அவசரப்படுத்தினார். "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும் தம்பி" என்றார் மேஸ்திரி. எனக்குச் சிலுவைப்பாதைக்கு நேரமாகிவிட்டது. எடுத்து ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். ஆறே மாதத்தில் ஓரங்கள் உதிர்ந்தன. நாற்பது கல் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. முனீஸ்வரனைக் கும்பிடுகிற மனுஷன் தொட்டியில் கிடக்கட்டும் என்கிறார், முழங்கால் போட்டு ஜெபிக்கப் போகிறவன் எடு என்கிறான். வண்டிக் கண்ணாடியில் 'இயேசுவே வழி' ஸ்டிக்கர் வேறு! (அதைக் கிழிக்கவில்லை. கிழித்தால் அதுவும் ஒரு வேஷம்தான்.)

பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர், வேலை தெரிந்தவர். எதைச் செய்தாலும் ஆண்டவருக்கென்று மனதாரச் செய்யுங்கள் என்று கொலோசையருக்கு எழுதினார். அதை அடிமைகளுக்குத்தான் எழுதினார். நானும் அந்த வசனத்தை ஆட்களிடம் சௌகரியமாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றே வசனம் தள்ளி, நான்காம் அதிகாரத்தின் முதல் வரி முதலாளிகளுக்கு: நீதியாக நடத்துங்கள், உங்களுக்கும் விண்ணகத்தில் ஒரு தலைவர் இருக்கிறார். உடைந்த கண்ணாடிக்குக் கூலியில் பிடித்துக்கொண்டிருந்தேன் இல்லையா, அதை நிறுத்திவிட்டேன். இன்று சம்பளம் கொடுத்தபோது, போன வாரம் இரண்டு கண்ணாடி உடைத்த அக்கா பணத்தை மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கூட வந்திருக்கு" என்று திருப்பித் தந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, சொல்.

ஆயுதபூசைக்கு மேஸ்திரி அச்சுக்கெல்லாம் சந்தனம் வைத்தார். நம் பங்குக் கோயிலில் இரண்டு பேர் அதை எப்படி விட்டாய் என்று கேட்டார்கள். பொரி கடலை நன்றாயிருந்தது என்றேன்.

பிப்ரவரி 4 ஓரியூருக்கு வருவாயா? புனித அருளானந்தர் திருநாளுக்கு லீவு இப்போதே சொல்லி வை. காரைக்குடியில் இறங்கினால் வண்டி கொண்டு வருகிறேன். கல் ஏற்றுகிற வண்டிதான், பழைய சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் மச்சான்