பெய்ரூட் கடற்கரை ஓட்டலில் வேலைக்குச் சேரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பெய்ரூட்டில் கடலைப் பார்த்த ஐந்து நட்சத்திர ஓட்டலில், மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாகக் குளச்சலில் இருந்து எழுதியிருந்தாய். சண்டை வந்தால் ஓட்டலை மூடிவிடுவார்கள், ஊருக்கு வந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நம்பிக் கிளம்பாதே மக்கா. சண்டை நாட்களில் பத்திரிகைக்காரர்கள், ஐ.நா. ஆட்கள், வீட்டை விட்டு வந்த வசதியான குடும்பங்கள் என்று அறைகள் நிரம்புவதும் உண்டு. அப்போது ஜெனரேட்டரும் தண்ணீரும் பார்க்கிற ஆளுக்குத்தான் லீவு கிடைக்காது.

முதலில் காகிதங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்குப் போக அரசிடம் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய 'ஈசிஆர்' நாடுகள் 18-இல் லெபனானும் ஒன்று. நீ பத்தாம் வகுப்பு தேறியவன், குடியேற்ற அனுமதி தேவையில்லை என்று ஏஜென்ட் சொல்வது சரிதான். ஆனால் அதனாலேயே உன் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போய்விடும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக நம் அரசு நடத்தும் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீயாகவே பதிவு செய். போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு விதித்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடு.

சம்பளம் எந்தப் பணத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். 2019-க்கு முன் ஒரு டாலருக்கு சுமார் 1,500 லெபனான் பவுண்டு. பிறகு அது 89,000-ஐத் தாண்டிப் போனது. வங்கிகளில் இருந்த டாலரையும் எடுக்க முடியவில்லை. கையில் ரொக்கமாக வரும் டாலர் நோட்டுக்கு அங்கே 'ஃப்ரெஷ் டாலர்' என்று பெயர். அந்தச் சொல் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இனி உன் வேலை. சமாதான நாளிலேயே அங்கே அரசு மின்சாரம் நாள் முழுக்க வராது. 500 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் செட் முக்கால் லோடில் ஓடினால் மணிக்குச் சுமார் 80 லிட்டர் டீசல் இழுக்கும். ஒரு நாளைக்கு 1,900 லிட்டர். 10,000 லிட்டர் டேங்க் ஐந்து நாளுக்குத்தான் தாங்கும். துறைமுகத்தை அடைத்துவிட்டால் அதற்குள் லாரி வராது. ஆயிலும் ஃபில்டரும் 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால், நிற்காமல் ஓடும்போது பத்து நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஆகவே சேர்ந்த வாரமே ஸ்டோரில் எத்தனை செட் ஃபில்டர் இருக்கிறது என்று எண்ணிப் பார். டீசலை மிச்சம் பிடிக்க லோடை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கச் சொல்வார்கள். செய்யாதே. இஞ்சின் போதிய சூடேறாமல், எரியாத டீசல் புகைக்குழாய் வழியே கறுப்பாய்க் கசியும், கொஞ்ச நாளில் இழுவை போய்விடும். பெரிய செட்டை நிறுத்திச் சின்னதை ஓட்டு. டேங்கின் அடியில் சேரும் தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்துவிடு. உப்புக் காற்றில் ரேடியேட்டர் தகடு பொடிந்து உதிர்வது முட்டத்தில் வளர்ந்தவனுக்குப் புதிதல்ல. நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு.

கடல்நீரை ஆர்.ஓ. முறையில் நல்ல தண்ணீராக்கும் ஓட்டலாக இருந்தால், கடல்நீர் உள்ளே வரும் இன்டேக் வால்வு எங்கே என்று தெரிந்துகொள். 2006 ஜூலையில் பெய்ரூட்டுக்குத் தெற்கே ஜியே மின் நிலையத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு விழுந்து, 10,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கடலில் கலந்தது. கடலோட்டம் அதை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. எண்ணெய் ஒருமுறை உள்ளே வந்தால் உப்பைப் பிரிக்கும் மெம்பரேன் சவ்வு அவ்வளவுதான். உடனே வால்வை அடைத்துவிட்டு நீச்சல் குளத்து நீரை டாய்லெட் ஃபிளஷுக்குத் திருப்பு. 25-க்கு 10 மீட்டர், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 3,75,000 லிட்டர். அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ விடாதே.

எல்லாவற்றையும்விட பயப்பட வேண்டியது கண்ணாடிக்கு. கடல் தெரிய வேண்டும் என்று தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிதான் வைத்திருப்பார்கள். 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் முதல் சத்தம் கேட்டுப் பலர் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். ஏறக்குறைய அரை நிமிடத்தில் பெரிய வெடிப்பு வந்தது. சத்தம் கேட்டால் ஜன்னலை விட்டு விலகி, உனக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கும்படி உள் நடைபாதையில் உட்கார். அறைகளில் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடச் சொல், திரையை இழுத்தே வை. கண்ணாடி சிதறாமல் இருக்க அதில் ஃபிலிம் ஒட்டினால் விளிம்புவரை ஒட்டி, சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டினால் முழுக் கண்ணாடியும் பலகையாகக் கழன்று பறக்கும்.

மேல் மாடி அறை கொடுத்தால் வாங்காதே. 1975-இல் உள்நாட்டுப் போரில் பெய்ரூட்டின் ஓட்டல் வட்டாரத்தில் சண்டை மூண்டபோது, முந்தின ஆண்டுதான் திறந்த ஹாலிடே இன் ஓட்டலின் உயரத்துக்காகவே ஆயுதக் குழுக்கள் அதைப் பிடிக்கப் போட்டியிட்டன. இரண்டாம் மாடியிலிருந்து ஐந்துக்குள் இருக்கட்டும். பேஸ்மென்டில் படுக்க வைத்தால், வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று பார்.

வெளியேற நினைத்தால் பெரிய பயணிகள் விமான நிலையம் பெய்ரூட்டில் இருக்கும் ஒன்றுதான். 2006-இல் அதன் ஓடுபாதையைக் குண்டு போட்டு உடைத்தார்கள். நம்மவர்களை இந்தியக் கடற்படைக் கப்பல்கள்தான் பெய்ரூட்டிலிருந்து சைப்ரஸின் லார்னக்காவுக்கு ஏற்றிப் போயின. தூதரகத்தில் பெயர் இருந்தால் அப்படிப்பட்ட நேரத்தில் உன்னைத் தொடர்புகொள்வது எளிது. பாஸ்போர்ட்டை ஓட்டல் ஆபீசில் ஒப்படைக்காதே; ஒரு பிரதியை வீட்டில் அம்மாவிடம் வை.

ஏஜென்ட் தந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. அரபியில் இருக்கும் பக்கத்தையும் விடாதே.

அன்புடன்,
அண்ணன்