வீடற்றோர் காப்பகங்களுக்கு மூன்று மாத முன்பணம் கொடுங்கள்

மாநகராட்சி ஆணையர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டத்தின் விதிகள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. அவற்றை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. ஒன்றிய, மாநில அரசுகளிடமிருந்து ஏப்ரலில் வர வேண்டிய பராமரிப்புத் தொகை ஆடி, ஆவணி வரை இழுப்பது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் இந்த மடல். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு காப்பகத்துக்கும் மூன்று மாதச் செலவை நிதியாண்டின் முதல் வாரத்திலேயே மாநகராட்சியின் சொந்த நிதியிலிருந்து முன்பணமாகக் கொடுங்கள்.

2013இல் இந்தத் திட்டத்தை உள்ளடக்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது, 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். மாதத்துக்கு 50,000. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட முழுசாக வராது. காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்றால் வாரத்துக்கு 21 முறைப்பணி. வார விடுப்பு போக ஒருவர் ஆறு முறை வரலாம். ஆக, மூன்று பேரை வைத்தால் 18தான் நிரம்பும், நாலாவது ஆள் இல்லாமல் முடியாது. தலைக்கு 10,000 ரூபாய் என்று மிகக் குறைத்துப் போட்டாலும் சம்பளத்துக்கே 40,000 போய்விடும். மிச்சமிருக்கும் 10,000 ரூபாயில் மின்கட்டணம், தண்ணீர் லாரி, பினாயில், பாய், போர்வை வெளுப்பு, கழிப்பறை அடைப்பு எடுப்பது எல்லாம் நடக்க வேண்டும். இந்தத் தொகையும் நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். தண்ணீர் லாரிக்குக் கையில் காசு தர வேண்டும். மளிகைக்காரர் இரண்டு மாதம் கடன் கொடுப்பார், அதற்கு மேல் கொடுக்க மாட்டார். தள்ளிப்போடக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான்: காப்பாளர் சம்பளம். அவரும் வாடகை வீட்டில் இருப்பவர். இரண்டு மாதம் பொறுப்பார், மூன்றாம் மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். முதலில் காலியாவது இரவுப் பணி. இரவில் ஆள் இல்லையென்றால் ஒன்பது மணிக்கே கதவைப் பூட்டத்தான் வேண்டும். சுமை இறக்கிவிட்டுப் பத்தரைக்கு வருகிறவர் வெளியே படுக்கிறார். நடுஇரவில் காவலர்கள் மீட்டு அழைத்துவரும் மூதாட்டியைச் சேர்க்க முடிவதில்லை. வலிப்பு நோய் உள்ளவரையும் காசநோய் மாத்திரை எடுப்பவரையும் கவனிக்க யாரும் இல்லை. பெண் காப்பாளர் நின்றுவிட்டால் மகளிர் காப்பகத்தை இரவில் நடத்தவே முடியாது.

இதற்கு மேல் நடப்பதுதான் எங்களுக்குத் தாங்க முடியாதது. இரவில் கதவு பூட்டியிருந்ததால் வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைகிறது. அடுத்த ஆண்டு அதே பதிவேட்டைக் காட்டி, “ஆள் வருவதில்லை, எதற்கு இவ்வளவு ஒதுக்கீடு?” என்று கேட்கிறீர்கள். பணம் வராததால் பூட்டிய கதவுக்கு, வீடற்றவர்கள் மேல் பழி விழுகிறது.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதும் தெரிந்ததே. ஒன்றிய அரசின் பங்கும் மாநிலத்தின் பங்கும் சேர்ந்து வர வேண்டும். முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. எங்கோ ஒரு காப்பகத்தில் ஒரு ரசீது விடுபட்டால் அந்த நகரத்தின் கணக்கு நிற்கும். அது நின்றால் எல்லா நகரங்களுக்கும் சேர்த்துப் போகும் தொகுப்புச் சான்றிதழும் நிற்கும். ஒழுங்காகக் கணக்கு கொடுத்தவர்களும் சேர்ந்தே காத்திருக்கிறார்கள்.

ஆகவேதான் முன்பணம் கேட்கிறோம். 50 பேர் காப்பகத்துக்கு ஒன்றரை லட்சம். பத்துக் காப்பகம் இருந்தால் 15 லட்சம். மானியம் வந்ததும் மாநகராட்சி அதை எடுத்துக்கொள்ளலாம், மறு ஆண்டுக்கு அதே தொகை மீண்டும் சுழலும். காப்பகத்தை நடத்தும் அமைப்பு மாதம் 5ஆம் தேதிக்குள் கணக்கு தர வேண்டும், தராவிட்டால் கடைசிக் காலாண்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாழ்வாதார இயக்கத்தின் விதிகளில் பராமரிப்பு மானியம் முதல் ஐந்தாண்டுக்குத்தான் என்று இருந்ததையும் மறக்க வேண்டாம். ஐந்தாண்டு முடிந்த காப்பகங்களுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு இல்லையென்றால், முன்பணம் கொடுத்தும் பயனில்லை.

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2010இல். பணம் இருந்தும் வேலை நடக்கவில்லை என்று கண்டு, நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் அதே நீதிமன்றம் குழு அமைத்தது 2016இல். வீடற்றோர் எண்ணிக்கைக்கு இன்னும் 2011 பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுத்த கணக்கைத்தான் காட்டுகிறீர்கள். முக்கியப் புள்ளி யாராவது வருகிறார் என்றால், நடைபாதையில் படுத்திருப்பவர்களை விடிவதற்குள் ஏற்றிச் செல்ல வண்டி கிடைக்கிறது, ஆள் கிடைக்கிறது, டீசலுக்குப் பணமும் கிடைக்கிறது. அவர்கள் உறங்கும் இடத்துக்கு ஓர் இரவுக் காப்பாளர் சம்பளம் மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கடுமையாகச் சொல்லிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பு நகர வேண்டும் என்று உங்கள் அலுவலகங்களிலேயே பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எங்களுக்குத் தெரியும். மார்ச் மாத மாமன்றக் கூட்டத்தில் இந்த முன்பணத்தை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஏப்ரல் முதல் வாரம் பணம் வங்கிக் கணக்கில் ஏறினால், அந்த மாதச் சம்பளத்தைக் காப்பாளர் கையில் 30ஆம் தேதியே கொடுத்துவிடலாம். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள்.

நன்றியுடன்,
காப்பகப் பணியில் இருப்போர்