சீம்பால் மஞ்சள், தாய்ப்பால் வெள்ளை: மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

குடியாத்தம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால், குழந்தையைப் பார்க்க வந்த சம்பந்தியம்மாள், பால் தண்ணீராக வெளுத்துவிட்டது, இனி அதில் சத்தில்லை, டப்பா பால் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதும், அதைக் கேட்டு உன் மகள் அழுததும் என்னை உறங்க விடவில்லை. முப்பது ஆண்டுகள் பிரசவ வார்டில் நின்றவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கருவறையில் குழந்தை மிகக் குறைந்த ஆக்சிஜனில்தான் வளர்கிறது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அந்த அளவு சட்டென்று உயர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் உயிர் காப்பதுதான் என்றாலும், உடல் அதைப் பயன்படுத்தும்போது, இரும்பைத் துரு அரிப்பதுபோல் செல்களை அரிக்கும் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் நொதிகள் பச்சிளம் உடலில், அதிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடலில், இன்னும் முழுமையாகத் தேறியிருப்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்து, அரிப்பைத் தடுக்கும் பொருள்களான ஆன்டிஆக்சிடன்ட்களைத் தாய் தன் பாலிலேயே வைத்துத் தருகிறாள். முதல் நான்கைந்து நாள் சுரக்கும் சீம்பாலின் மஞ்சள் நிறமே அதற்குச் சாட்சி; அது பீட்டா கரோட்டின் முதலான நிறமிகளால் வருவது. வைட்டமின் ஈ-யும் அதில் பிந்தைய பாலைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

அந்தச் சீம்பாலைத்தான் என் மூத்தவன் பிறந்தபோது, 1983-இல், வீட்டுப் பெரியவர்கள் கெட்ட பால் என்று மூன்று நாள் பீய்ச்சிக் கொட்டச் சொல்லி, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார்கள். நர்ஸிங் படித்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. மாடு கன்று போட்டால் அதன் சீம்பாலில் வெல்லம் போட்டு அவித்துத் தெருவுக்கே பங்கு வைத்த வீடு அது. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

இனி உன் மகளின் பாலுக்கு வருகிறேன். ஐந்தாம் நாளிலிருந்து சுமார் இரண்டு வாரம் வரை சுரப்பது இடைநிலைப் பால். அதன் பிறகு சுரப்பது முதிர்ந்த பால். நாள் ஆக ஆக மஞ்சள் வெளிறுவதும், பல ஆன்டிஆக்சிடன்ட்களின் செறிவு குறைவதும் உண்மைதான். ஆனால் செறிவு வேறு, குழந்தைக்குப் போய்ச் சேரும் மொத்த அளவு வேறு. இரும்பைப் பிடித்துவைத்து அந்த அரிப்பைத் தடுக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதத்தையே எடுத்துக்கொள். சீம்பாலில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராமும், முதிர்ந்த பாலில் 1 முதல் 2 கிராமும் இருக்கும். முதல் நாள் குழந்தை குடிப்பதோ சில தேக்கரண்டிதான். ஒரு மாதத்தில் அது நாளொன்றுக்கு 700 மில்லிக்கு மேல் போகிறது. பெருக்கிப் பார்த்தால், வெளுத்த பாலிலிருந்துதான் குழந்தைக்கு அதிகம் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் கொழுப்பில் கரைபவை. பால் கொடுக்கத் தொடங்கியதும் வருவது நீர்த்திருக்கும். கொழுப்பு மிகுந்தது கடைசியில்தான் வரும். ஆகவே ஒரு பக்கம் முழுவதும் குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்றச் சொல். சம்பந்தியம்மாள் பார்த்தது அந்த முன்பாலாகத்தான் இருக்கும்.

மகப்பேறு விடுப்பு முடிந்து அவள் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குத் திரும்பும்போது பாலைப் பீய்ச்சி வைக்க நேரும். ஃபிரிட்ஜில் நாள் செல்லச் செல்ல அதிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட்கள், முக்கியமாக வைட்டமின் சி, குறைந்துகொண்டே வரும். ஃப்ரீசரில் வாரக் கணக்கில் வைத்தாலும் அப்படித்தான். முந்தைய நாள் எடுத்ததை மறுநாளே கொடுத்துவிடுவது நல்லது. அடுப்பில் காய்ச்ச வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்துக் குளிர்ச்சியை நீக்கினால் போதும். அப்படி எடுத்து வைத்த பாலும் டப்பா பாலைவிட மேலானதே.

பத்தியம் என்ற பேரில் காய், பழங்களை நிறுத்திவிடாதே. தாய் உண்ணும் கீரை, காரட், மாம்பழத்தின் கரோட்டின் பாலுக்கும் போகிறது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஆரணி வருகிறேன். எங்கள் கொல்லை முருங்கை நன்றாகத் தழைத்திருக்கிறது. ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு வருவேன். சம்பந்தியம்மாளையும் அன்று வரச் சொல். அவரிடம் நானே பேசுகிறேன்.

உன் அன்புள்ள,
சரோஜா