கொடைக்கு இணைநிதி: முதல்தொகையைப் பூட்டி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் தனியார் நிறுவும் அறக்கட்டளைகளுக்கு ஈடாக அரசும் 'இணைநிதி'யாகப் பணம் போட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் திரட்டிய கொடையோடு தமிழக அரசு 10 கோடி ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. 1981-இல் தஞ்சையில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கை நீள வேண்டும். ஆனால் இதற்கென வெளியிடும் அரசாணையில் சில வரிகள் விடுபட்டால் அத்தனையும் ஆற்றில் கரைத்த புளிதான்.

கோட்டை விடுவது பெரும்பாலும் வைப்புநிதி ரசீதில். கொடையாளி 5 லட்சம் தருகிறார். ரசீது 'பதிவாளர்' பெயரில் எழுதப்படுகிறது. அறக்கட்டளையின் பெயர் அதில் இருப்பதில்லை. புதுப்பிக்கும்போது வசதிக்காக நாலைந்து ரசீதுகளை ஒன்றாக்கி விடுகிறார்கள். வட்டி பொதுக்கணக்கில் விழுகிறது. ஓய்வூதியத்துக்குப் பணம் முட்டுகிற மாதத்தில் அந்த ரசீதைத்தான் முதலில் முறிப்பார்கள். பத்து வருடம் போனால் எது யாருடைய முதல்தொகை என்று தணிக்கைக்கு வருபவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கொடைக்கும் அதன் பெயரிலேயே தனி ரசீது, தனித் துணைக்கணக்கு வேண்டும். இடையில் முறிக்க ஆட்சிக்குழுத் தீர்மானத்தோடு நிதித்துறை ஒப்புதலும் கட்டாயமாக வேண்டும். கொடையாளியும் காசோலையோடு, 'இது முதல்தொகையாக இருக்க வேண்டும், வட்டியை மட்டுமே செலவிட வேண்டும்' என்று கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் அவ்வாண்டு வரவாக எழுதிச் செலவழித்துவிட இடமுண்டு.

சோழர் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு. அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். கிழடு கழிந்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. மந்தைதான் முதல், நெய்தான் வட்டி. இன்றைய முதலுக்கு விலைவாசி என்ற நோயும் உண்டு. 1990-களின் நடுவில் 12 சதவீத வட்டியில் 1 லட்ச ரூபாய் ஆண்டுக்கு 12,000 தந்தது. இன்று 7 சதவீதம் கிடைத்தால் 7,000. சென்னையிலிருந்து ஒரு பேச்சாளர் வந்துபோகும் செலவு, மதிப்பூதியம், அழைப்பிதழ் எதற்கென்று காணும்? அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் இப்படித்தான் நின்றுபோகின்றன. கொடையாளி 5 லட்சம், அரசு 5 லட்சம் என்று 10 லட்சம் சேர்ந்தால் ஆண்டு வட்டி 70,000. அதில் 20,000-ஐ முதலோடு சேர்த்துவிட்டு 50,000-ஐ உதவித்தொகையாகக் கொடுக்கலாம்.

அரசின் பங்கு காலத்தில் வர வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 1979-இலேயே இணைநிதி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் நிறுத்தி வைத்தபோது, கொடையாளிகள் முன்பே கொடுத்துவிட்ட தொகைக்கான அரசுப் பங்கு தேங்கிப்போனது. ஆகவே பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையைத் தனிக்கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட்டு, கொடை வங்கியில் ஏறிய மூன்று மாதத்துக்குள் விடுவிக்க வேண்டும். வெறும் வாக்குறுதிக்கு இணைநிதி கூடாது. சேர்க்கை நேரத்தில் 'நன்கொடை' என்று வாங்கும் பணத்துக்குக் கூடவே கூடாது.

இணைநிதியின் விகிதமும் உச்சவரம்பும் எங்கள் காவிரி டெல்டாவுக்கு உயிர்நாடி. பிரிட்டன் 2008 முதல் 2011 வரை 20 கோடி பவுண்டு ஒதுக்கியபோது, கொடை திரட்டிப் பழக்கமில்லாத நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்தது. பழகியவற்றுக்குக் கொடை இரண்டுக்கு அரசு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு பிரிவுக்கும் உச்சவரம்பும் வைத்தது. இங்கே எல்லோருக்கும் ஒரே விகிதம், வரம்பும் இல்லை என்றால் பணம் முழுவதும் சென்னைக்கே போகும். 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் இருபது பேர் ஆளுக்கு 25,000 போட்டால், அதையும் 5 லட்ச ரூபாய்க் கொடையாக ஏற்க வேண்டும்.

அறக்கட்டளை வட்டியைப் பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாய் என்று காட்டி, அரசு தரும் ஆண்டு நல்கையில் கழித்துக்கொண்டால், மாணவருக்கென்று கொடுத்த பணம் கருவூலத்துக்கே திரும்பிவிடும். அப்படிக் கழிக்கக் கூடாது என்பதை அரசாணையிலேயே எழுதுங்கள்.

பல்கலைக்கழக நிதிப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள்,
தஞ்சாவூர்