கழுத்தில் நெட்டி எடுக்கும் முன்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை பற்றிய கட்டுரை, இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் ஒரே தட்டில் சோறு போட்டிருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலக்கூடியவற்றுள் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீராக்கும் முறையையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் சேர்த்தது உண்மை. அதே ஆண்டு, 26 பரிசோதனைகளைத் திரட்டி 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு இந்த முறையால் கிடைத்த பலன் சுமார்தான்.

கழுத்து வேறு கதை. கழுத்தைச் சட்டெனத் திருப்புவதற்கும் மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிவதற்கும் தொடர்பு காணப்படுவதாக 2014-இல் அமெரிக்க இதய சங்கம் எச்சரித்தது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றது. இங்கே யார் சொல்கிறார்கள்? சென்ற மாதம் முடி வெட்டி முடித்தவர், கேட்காமலே என் தாடையைப் பிடித்து 'நறுக்'கென்று ஒரு திருப்பு திருப்பினார். இரண்டு நாள் பக்கவாட்டில் பார்க்கவே முடியவில்லை. (அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை!) கழுத்தில் கைவைக்கும் சிகிச்சையகங்கள் இந்த அபாயத்தைத் தமிழில் எழுதிக் காட்டி, நோயாளியின் கையெழுத்தைப் பெற்ற பிறகே தொடங்க வேண்டுமெனச் சுகாதாரத் துறை உத்தரவிடலாம்.

வாசகர், மதுரை